போட்டோ பிரிண்டர்ல இங்க் காசு எங்க போவுது? அறிகுறிய வச்சு கண்டுபிடிக்கிற வழி

செங்கோட்ட, புளியர, தென்காசி, மலைக்கு அந்தாண்ட ஆரியங்காவு, தென்மல, புனலூர்னு இந்தப் பக்கம் பூரா வீட்டுல சின்ன போட்டோ பிரிண்டர் வச்சிருக்கவங்க இப்ப நிறைய ஆயிட்டாங்க, சபரிமல சீசன்ல குரூப் போட்டோ அடிக்கிறவங்க, ஸ்கூல் அட்மிஷன் நேரத்துல தெருவுல நாலு பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் சைஸ் அடிச்சுக் குடுக்குறவங்க, சும்மா வீட்டு ஆல்பத்துக்கு அடிக்கிறவங்கன்னு. எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "இங்க் ஏன் இப்படி தீருது, இதுக்கு லேப்லயே அடிச்சிருக்கலாமோ". இதுக்கு ஒத்த வரியில பதில் சொல்ல முடியாது. இங்க் படத்துக்கு மட்டும் போறதில்ல, படமே அடிக்காத நேரத்துல போறதுதான் பல வீட்டுல கூடுதல், அத கண்டுபிடிக்கத்தான் இத எழுதுதேன். உங்க பிரிண்டர் என்ன பண்ணுதுன்னு பாத்து அந்தந்த தலைப்புக்குப் போங்க, ஆனா அடுத்து வர்ற ரெண்டு தலைப்ப மட்டும் எல்லாரும் படிச்சிருங்க.

எந்த வகை பிரிண்டர்னு மொதல்ல பாத்துக்கிடுங்க

ஒரே அறிகுறிதான் இருக்கும், ஆனா வகைக்கு வகை காரணம் மாறிரும், அதனால இது முக்கியம்.

ரிப்பன் போடுற வகை, கேனான் செல்ஃபி சிபி1300, சிபி1500 மாதிரி, டை சப்ளிமேஷன்னு சொல்லுவாங்க. இதுல தண்ணியா இங்க்கே கிடையாது. மஞ்ச, மெஜந்தா (அடர் ரோஸ்), சியான் (பச்ச கலந்த நீலம்)னு சாயம் பூசுன பட்டை ரிப்பன்ல வரிசையா இருக்கும், தெர்மல் ஹெட் சூடு குடுத்து அந்தச் சாயத்த ஆவியாக்கி பேப்பருக்குள்ள ஏத்தும், கடைசியா மேல ஒரு தெளிவான பூச்சு போடும். அதனாலதான் பேப்பர் நாலு தடவ உள்ள போயி வெளிய வருது.

அடுத்தது சிங்க் (Zink) வகை, எச்பி ஸ்ப்ராக்கெட் மாதிரி உள்ளங்கை சைஸ் பிரிண்டர், 2க்கு 3 இன்ச் படம். சாயம் படிகமா பேப்பருக்குள்ளயே இருக்கு, சூடு பட்டா நிறம் வரும், ரிப்பனும் கிடையாது இங்க்கும் கிடையாது.

மூணாவது இங்க்ஜெட். எப்சன் பிக்சர்மேட் மாதிரி கைக்கு அடக்கமானதும் உண்டு, கார்ட்ரிட்ஜ் போடுற சாதா ஆல் இன் ஒன்னும் உண்டு, எப்சன் எல்805, எல்8050, கேனான் ஜி570 மாதிரி பாட்டில்லருந்து இங்க் ஊத்துற ஆறு கலர் டேங்க்கும் உண்டு.

ரிப்பன், சிங்க் ரெண்டுலயும் ஒரு படத்தோட செலவு நீங்க பேக்க காசு குடுத்து வாங்கும்போதே முடிவாயிருது. இங்க்ஜெட்ல அப்படி இல்ல, வாங்குன இங்க்ல எவ்வளவு பேப்பருக்குப் போவும் எவ்வளவு வேஸ்ட் பேடுக்கு, அதாவது கழிவு இங்க் சேர்ற பஞ்சுக்கு, போவும்ங்கிறது நீங்க எப்படி வச்சு ஓட்டுறீங்கங்கிறதப் பொறுத்தது.

ஒரு படத்துக்கு எவ்வளவு ஆவுதுன்னே தெரியல

இது தெரியாம மத்த எதையும் சரி பண்ண முடியாது, அதனால இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கிடுங்க.

ரிப்பன்னா கணக்கு லேசு. செல்ஃபிக்கு 108 ஷீட் பேக்குல ரெண்டு தினுசு இருக்கு, ஆர்பி-108னா 54 படம் அடிக்கிற ரிப்பன் ரெண்டு, கேபி-108ஐஎன்னா 36 படம் அடிக்கிற ரிப்பன் மூணு, பேப்பரும் உள்ளயே சேத்து வரும். பேக்கு வெல 2,700 ரூபான்னு வச்சுக்கிட்டா 108ஆல வகுத்தா ஒரு படம் 25 ரூபா, அவ்வளவுதான். வெல இடத்துக்கு இடம் மாறும், நீங்க குடுத்த வெலய வச்சு வகுத்துக்கிடுங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, வெள்ளச் சுவரப் படம் எடுத்து அடிச்சாலும் அமாவாச ராத்திரியப் படம் எடுத்து அடிச்சாலும் ரிப்பன்ல அதே நாலு பட்டை தீரும். இங்க்ஜெட்ல அப்படி இல்ல, கருப்பா அடர்த்தியா இருக்க படம் அதிகம் இங்க் குடிக்கும், வானமும் வெள்ளச் சட்டையுமா இருக்க படம் கொஞ்சமா குடிக்கும்.

டேங்க்குக்கு நான் எல்லாருக்கும் சொல்லுற வழி தராசு. நக எட போடுற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா நல்லது, கிச்சன் தராசும் ஓரளவுக்கு ஆவும். டேங்க்ல எல்லாக் கலரையும் மேல் கோடு வரைக்கும் நிரப்பிருங்க, நீங்க வழக்கமா அடிக்கிற படத்துலயே 100 படம் 4க்கு 6 இன்ச்ல அடிங்க, பெறவு அதே கோடு வரைக்கும் திரும்ப நிரப்புங்க, நிரப்புறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒவ்வொரு பாட்டிலயும் எட போட்டு எழுதி வைங்க. இங்க் ஒரு கிராம் கிட்டத்தட்ட ஒரு மில்லிதான். ஆறு பாட்டில்லயும் சேத்து 30 கிராம் குறஞ்சிருந்தா படத்துக்கு 0.3 மில்லி. 70 மில்லி பாட்டில் 600 ரூபான்னு வச்சா 30 மில்லிக்கு 257 ரூபா, அதாவது படத்துக்கு ரெண்டரை ரூபா. பேப்பர் ஒண்ணு 4 ரூபான்னா மொத்தம் ஆறரை. நூறுல பத்து படம் கோடு விழுந்து, கலர் மாறி தூக்கிப் போட்டீங்கன்னா தேறுன 90 படத்து மேலதான் அந்த 650 ரூபாயும் ஏறும், அப்ப ஏழு ரூபாக்கு மேல.

இந்த ஏழு ரூபாய பாத்துட்டு 25 ரூபா ரிப்பன் பிரிண்டர முட்டாள்தனம்னு சொல்லிரக் கூடாது, கீழ அடிக்காமயே இங்க் குறையுற தலைப்பப் படிங்க, கணக்கு அப்படியே திரும்பும்.

பெட்டியில போட்ட எண்ணிக்கை வரவே இல்ல

பெட்டியில போட்ட எண்ணிக்கை பொய் இல்ல, ஆனா அது வேற பரீட்சையோட மார்க்கு. கார்ட்ரிட்ஜ் மேல போடுற பக்க எண்ணிக்கை பெரும்பாலும் ஐஎஸ்ஓ 24711ங்கிற முறையில எடுத்தது, பாட்டில் எண்ணிக்கையும் பெரும்பாலும் அதே சோதனைப் பக்கத்த வச்சுப் போட்டதுதான், அது ஆபீஸ் பக்கம் மாதிரி எழுத்தும் சின்னச் சின்ன கலர் கட்டமும் உள்ள ஏ4 பக்கம், பேப்பர்ல முக்காவாசி வெள்ளையாத்தான் இருக்கும். போட்டோன்னா ஓரம் வரைக்கும் பூரா இங்க். போட்டோ எண்ணிக்கைக்குன்னு ஐஎஸ்ஓ 29102னு தனி முறையே இருக்கு, வாங்குறதுக்கு முன்னால ஸ்பெக் ஷீட்ல போட்டோ யீல்டுன்னு தனியா போட்டிருக்கான்னு தேடிப் பாருங்க, அதுதான் நமக்கு வேணும்.

இன்னொண்ணு, புது பிரிண்டர் கூட வர்ற மொத செட் இங்க். டேங்க் பிரிண்டர்னா ட்யூபும் ஹெட்டும் நிரம்புறதுக்கே அதுல ஒரு பங்கு போயிரும், கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்னா கூட வர்ற செட்டப் கார்ட்ரிட்ஜ்ல பல மாடல்ல இங்க்கே கம்மியாத்தான் இருக்கும். அதனால மொத செட்ட வச்சு கணக்கு போடாதீங்க, ரெண்டாவது நிரப்புலருந்து போடுங்க.

பார்டர்லெஸ் அடிக்கிறவங்களுக்கு இன்னொரு கசிவு. ஓரத்துல வெள்ள விழாம இருக்க பிரிண்டர் படத்த பேப்பரவிட கொஞ்சம் பெருசாக்கி வெளிய வரைக்கும் தெளிக்கும், வெளிய விழுற இங்க் கீழ பஞ்சுல போய்ச் சேரும். படம் சின்னதாவ ஆவ இந்த ஓர நஷ்டத்தோட பங்கு கூடும், ஏ4ல தெரியாது, 4க்கு 6ல தெரியும். செட்டிங்ல எக்ஸ்பான்ஷன்னு ஒண்ணு இருக்கும், அத மினிமம்ல வைங்க. ஆல்பத்துல ஓரம் மறையும்னா வெள்ள பார்டரோடயே அடிங்க, நான் அப்படித்தான் அடிக்கச் சொல்லுதேன், பாக்கவும் நல்லாத்தான் இருக்கு.

கருப்பு பாட்டில் அப்படியே நிக்கி, கலர் மட்டும் காலி

ஆரியங்காவுல ஸ்டேஷனரி கட வச்சிருக்க ஒரு சேட்டன் கேட்டாரு, "அண்ணாச்சி, பிளாக் நெறஞ்சு நிக்கி, கலர் மாத்திரம் தீந்து போவுது, டேங்க் அடச்சுக்கிட்டோ?" அடைப்பெல்லாம் இல்ல. கேனான் ஜி2000, ஜி3000 மாதிரி நாலு கலர் டேங்க்ல கருப்பு பிக்மென்ட் இங்க் (கரையாத நிறத்தூள் மெதக்குறது), மத்த மூணும் டை இங்க் (கரைஞ்ச சாயம்). பிக்மென்ட் கருப்பு கிளாஸி பேப்பர்ல ஒட்டாது, மேலயே நின்னு அழியும், அதனால போட்டோ பேப்பர்னு செட்டிங் போட்ட உடனே பிரிண்டர் கருப்ப தொடாது, மூணு கலரயும் கலந்துதான் கருப்பு உண்டாக்கும். எழுத்து அடிக்கிறவங்களுக்குத்தான் அந்த 135 மில்லி கருப்பு பாட்டில், போட்டோ அடிக்கிறவங்களுக்கு 70 மில்லி கலர் பாட்டில்தான் செலவு. அதனால இந்த மாடல்ல போட்டோ செலவு பாக்கையில கருப்ப கணக்குலயே சேக்காதீங்க, அடுத்த தடவ இங்க் வாங்கும்போது செட்டா வாங்காம கலர் மட்டும் வாங்குங்க.

கருப்பு வெள்ளப் படத்துக்கும் இதே கததான். செங்கோட்ட மொதல்ல திருவிதாங்கூர்லயும் பெறவு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்த ஊரு, அந்தக் காலத்து தாத்தா பாட்டி கருப்பு வெள்ள படம் இங்க நிறைய வீட்டுல இருக்கு, ஸ்கேன் பண்ணி திரும்ப அடிச்சுக் கேக்குதாங்க. கலர் இல்லாத படம்தான, இங்க் மிச்சம்னு நெனக்காதீங்க, மூணு கலரும் சமமா சேந்தாத்தான் சாம்பல் வரும், ஒண்ணு லேசா கூடுனாலும் பாட்டி சேல பச்ச அடிக்கும் இல்லன்னா ரோஸ் அடிக்கும். நாலு கலர் பிரிண்டர்ல இதுக்காக நாலஞ்சு தடவ திரும்ப அடிச்சு காச விடுறதவிட, ஸ்கேன லேசா செப்பியா பண்ணி பழுப்பு நிறத்துல அடிச்சிருங்க, சின்ன கலர் வித்தியாசம் கண்ணுல படாது. ஜி570ல சாம்பல் இங்க் தனியா இருக்கதால அதுல இந்தத் தொல்ல கம்மி.

மூணு கலரும் ஒரே கார்ட்ரிட்ஜ்ல இருக்க சின்ன பிரிண்டர் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. முகம், சேல, மஞ்சப் பூசுன வீடுன்னு நம்ம படத்துல மஞ்சளும் மெஜந்தாவும்தான் மொதல்ல தீரும், சியான் உள்ள மிச்சம் இருக்கையிலயே கார்ட்ரிட்ஜ மாத்த வேண்டி வரும். இதுக்கு வைத்தியம் கிடையாது, இந்த வகையில போட்டோ அடிக்கிறதக் குறச்சுக்கிடுறதுதான்.

அடிக்கவே இல்ல, ஆனா இங்க் குறையுது

இதுதான் பெரிய விஷயம். இங்க்ஜெட் ஹெட்ல முடியவிட சின்ன துவாரம் இருக்கு, அதுல இங்க் காயக் கூடாதுன்னு பிரிண்டர் தானாவே அப்பப்ப கொஞ்சம் இங்க்க உறிஞ்சி வேஸ்ட் பேடுக்கு அனுப்பும். ஆன் பண்ணும்போது ஒரு தடவ, ரொம்ப நாள் கழிச்சு ஆன் பண்ணா இன்னும் பெருசா ஒரு தடவ. இது கெடுதல் இல்ல, தேவ. ஆனா நாம அத தேவைக்கு மேல செய்ய வைக்கிறோம், முக்கியமா சுவர் சுவிட்ச அணைக்கிறதால.

பிரிண்டர்ல இருக்க பவர் பட்டன அமுக்கி அணைச்சா ஹெட் ஓரத்துல போயி ரப்பர் மூடி மேல உக்காரும், காத்து போவாது. அடிச்சுட்டு இருக்கையில சுவர்ல அணைச்சா ஹெட் நடுவுலயே நின்னு திறந்து கெடக்கும், காயும். அடுத்த நாள் ஆன் பண்ணா அது பெருசா கிளீனிங் ஓட்டும், காஞ்சத இங்க்க ஊத்திக் கழுவும். நம்ம பக்கம் கரண்டு போறதும் இப்படித்தான், மலையில காத்தடிச்சா மரம் சாஞ்சு லைன் போயிரும், அதனால பிரிண்டர் வேலைல இருக்கையில கரண்டு போயிட்டா, வந்த உடனே ஒரு தடவ ஆன் பண்ணி பட்டன்லயே ஒழுங்கா அணைச்சிருங்க, அப்படியே விட்டுராதீங்க.

இப்ப மேல விட்ட கணக்க எடுத்துக்கிடுங்க. மாசத்துக்கு 10 படம்தான் அடிக்கிறீங்க, கிளீனிங்ல மாசம் 15 மில்லி போவுதுன்னு வச்சுக்கிட்டா அதே வெலயில 128 ரூபா, 10 படத்து மேல ஏத்துனா படத்துக்கு 13 ரூபா. ஆறரையோட 13 சேந்தா இருவது ரூபா, ரிப்பன் பிரிண்டர் வெலகிட்ட வந்துருச்சுல்லா? மாசம் 100 படம் அடிக்கிறவருக்கு அதே கிளீனிங் படத்துக்கு 1 ரூபா 30 காசுதான். அதனாலதான் நான் யாரு கேட்டாலும் மொதல்ல "மாசம் எத்தன படம் அடிப்பீங்க"ன்னு கேக்குறது. எப்பவாவது அடிக்கிற வீட்டுக்கு ரிப்பன், அது ஆறு மாசம் அலமாரியில கெடந்து எடுத்தாலும் காயுறதுக்கு உள்ள எதுவும் இல்ல. வாரா வாரம் அடிக்கிறவங்களுக்கு டேங்க்.

டேங்க் வச்சுக்கிட்டு கம்மியா அடிக்கிறவங்க வாரத்துக்கு ஒரு சின்ன படமாவது அடிங்க, எல்லாக் கலரும் வர்ற மாதிரி, சாதா பேப்பர்லயே போதும். அது குடிக்கிற இங்க், ஒரு கிளீனிங் குடிக்கிறதவிட ரொம்பக் கம்மி.

படத்துல குறுக்க குறுக்க வெள்ளக் கோடு, இங்க்ஜெட்ல

கிளீனிங் பட்டன அமுக்காதீங்க, மொதல்ல நாசில் செக் அடிங்க, ஹெட் துவாரம் எல்லாம் இங்க் விடுதான்னு காட்டுற சோதனைக் கோடு அது. அது சொட்டு இங்க்தான் குடிக்கும். கோடு எல்லாம் முழுசா வந்திருந்தா ஹெட்ல கோளாறு இல்ல, பேப்பர் செட்டிங் தப்பா இருக்கும் இல்லன்னா ஹெட் அலைன்மென்ட் மாறியிருக்கும், எத்தன கிளீனிங் ஓட்டுனாலும் சரியாவாது, இங்க்தான் போவும். நாசில் செக்ல இடைவெளி இருந்தா ஒரு கிளீனிங், திரும்ப நாசில் செக். இப்படி மூணு தடவைக்கு மேல தொடர்ந்து ஓட்டாதீங்க. மூணுலயும் வரலன்னா பட்டன்ல அணைச்சுட்டு ஒரு ராத்திரி பூரா விட்டுருங்க, காத்துக் குமிழி இருந்தா தானா எறங்கும், காஞ்ச இங்க் இருந்தா ஊறிரும், காலையில அடிச்சுப் பாத்தா பாதி கேஸ் சரியா இருக்கும்.

பவர் கிளீனிங், இங்க் ஃப்ளஷ்னு ஒண்ணு மெனுவுல ஆழமா இருக்கும், அது ட்யூப்ல இருக்க இங்க்க பூரா இழுத்து வெளிய விடும். டேங்க்ல மூணுல ஒரு பங்குக்குக் கீழ இருக்கையில அத ஓட்டுனா ட்யூபுக்குள்ள காத்து போயி இன்னும் கெடும். இத கடைசி மருந்தா மட்டும் வைங்க, ஒரு தடவைக்கு எவ்வளவு குடிச்சுதுன்னு டேங்க் கோட்டப் பாத்து எழுதி வைங்க, ரெண்டாவது தடவ அமுக்க கை தானா தயங்கும்.

ரிப்பன் பிரிண்டர்ல பேப்பர் மிச்சம், ரிப்பன் முடிஞ்சுருச்சு

பேப்பரும் ரிப்பனும் பேக்குல ஒண்ணுக்கு ஒண்ணு எண்ணித்தான் வருது. ட்ரேல 18 ஷீட் போடலாம், 36னா ரெண்டு ட்ரே, 54னா மூணு ட்ரே. பேப்பர் மிஞ்சுச்சுன்னா எங்கயோ ஒரு படத்துக்கு பேப்பர் வராம ரிப்பன் மட்டும் ஓடியிருக்கு இல்லன்னா பாதியில நின்னு அந்தப் பட்டை வீணாயிருக்கு. ரிப்பன் மிஞ்சுனா பேப்பர் எங்கயோ கெட்டிருக்கு. நிறைய வீட்டுல காரணம் ரெண்டுதான்.

ஒண்ணு, பிரிண்டர சுவத்தோட ஒட்டி வச்சிருப்பாங்க. பேப்பர் நாலு தடவ முன்னாலயும் பின்னாலயும் போவும், பின்பக்கம் நீட்டிக்கிட்டு வரும்போது சுவத்துல முட்டி கோணிரும். பின்னால ஒரு சாண் எடமாவது விடுங்க, கர்ட்டன் தொங்குற எடத்துல வைக்காதீங்க. இன்னொண்ணு கரண்டு. நடு அடிப்புல போச்சுன்னா அந்த ஷீட்டும் போச்சு பட்டையும் போச்சு. அடிக்கடி அடிக்கிறவங்க கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ்ல போட்டுக்கிடுங்க, இல்லன்னா அந்த மாடலுக்கு பேட்டரி தனியா வித்தா அத வாங்குங்க. 25 ரூபா ஷீட்டுன்னா வருஷத்துல எத்தன போச்சுன்னு நீங்களே கூட்டிப் பாத்து முடிவு பண்ணுங்க.

பாதி அடிச்ச ஷீட்ட திரும்ப ட்ரேல வச்சு அடிக்கப் பாக்காதீங்க, சாயம் ஏறுன பேப்பர்ல ரிப்பன் ஒட்டிக்கிட்டு கிழிஞ்சா ஹெட்டுக்கே சேதம். ரிப்பன் அறுந்தா டேப் ஒட்டி ஓட்டுறதும் அப்படித்தான், ஹெட் போற வழியில டேப்போட பசை உருகுனா அந்த பிரிண்டரோட வெலயே போச்சு.

பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு ஷீட்ல ஒரே ஒரு படம் அடிக்கிறவங்க இருக்காங்க, அது பெரிய நஷ்டம். 35க்கு 45 மில்லிமீட்டர் படம்னா 100க்கு 148 ஷீட்ல எட்டு நிக்கும், எட்டும் அடிச்சா ஒண்ணு மூணு ரூபா சொச்சம், ஒண்ணு மட்டும் அடிச்சா அது 25 ரூபா. ஒரே ஆளுக்கு எட்டு வேண்டாம்னா அண்ணன் தம்பி ரெண்டு பேரு படத்த நாலு நாலா அடுக்கி அடிங்க.

ரிப்பன் படத்துல வெள்ளப் புள்ளி, நீளவாக்குல கோடு

புள்ளின்னா தூசி. பேப்பர் மேல ஒரு தூசி இருந்தா மூணு சாயமும் அந்த எடத்துல ஏறாது, வெள்ளையா நிக்கும். ஒரு பட்டைக்கு மட்டும் தூசி குறுக்க வந்தா புள்ளி கலராத் தெரியும், மஞ்ச ஏறலன்னா நீலமாத் தெரியும். பேப்பர ஓரத்தப் பிடிச்சு எடுங்க, பளபளக்குற பக்கத்துல விரல் படக் கூடாது, செல்ஃபில அந்தப் பக்கம் மேல பாத்து இருக்கணும். தெருவுல மண்ணு பறக்குற எடத்துல இருக்கவங்க அடிச்சு முடிச்ச உடனே ட்ரேய கழட்டி மூடி வைங்க, பிரிண்டர் வாசலயும் மூடுங்க. ஒவ்வொரு படத்துலயும் ஒரே எடத்துல நீளமா கோடு வந்தா ஹெட்ல அழுக்கு, மேனுவல்ல சொன்ன மாதிரி சுத்தம் பண்ணுங்க, நகம், ஊசி எதுவும் உள்ள விடக் கூடாது. சுருக்கம் மாதிரி சாய்வா கோடு வந்தா ரிப்பன் தொய்வு, கேசட்ட வெளிய எடுத்து சக்கரத்த லேசா சுத்தி இறுக்கி போடுங்க, ரொம்ப சுத்துனா பட்டை வீண்.

சாரல் மாசத்துல படம் ஒட்டுது, நிறம் பரவுது, பேப்பர் சுருளுது

இத மத்த ஊருக்காரங்க எழுதுனதப் படிச்சா கிடைக்காது, நம்ம ஊருக்குன்னு உள்ளது. ஜூன் வந்தா ஆரியங்காவு கணவாய் வழியா தென்மேற்குப் பருவக் காத்து நேரா இந்தப் பக்கம் விழுது, குத்தாலத்துல சீசன், செங்கோட்ட தென்காசியில வெயில்லயே சாரல் அடிக்கும், வீட்டுக்குள்ள அப்பளம் நமுத்துரும், துணி காயாது. நிறைய பிரிண்டர் மேனுவல்ல 20லருந்து 80 சதவீதம் ஈரப்பதத்துக்குள்ள ஓட்டுங்கன்னு போட்டிருக்கும், நமக்கு சீசன்ல அதத் தாண்டுற நாளு உண்டு.

இங்க்ஜெட் போட்டோ பேப்பர்ல மேல ஒரு இங்க் குடிக்கிற பூச்சு இருக்கு, அது காத்துல இருக்க ஈரத்தையும் குடிக்கும். ஏற்கனவே ஈரம் குடிச்ச பேப்பர்ல இங்க் விழுந்தா எறங்க எடம் இல்லாம பக்கத்துல பரவும், முடியோரம், கண்ணோரம் மங்கலாத் தெரியும், அடுக்கி வச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். ஜனங்க இத இங்க் கோளாறுன்னு நெனச்சு கிளீனிங் ஓட்டுதாங்க, குவாலிட்டிய ஹைல வச்சு இன்னும் இங்க்க ஊத்துதாங்க, ரெண்டும் தப்பு, பேப்பர்தான் காரணம்.

இதுக்கு நான் சொல்லுறது இதுதான். பேப்பர் பேக்க பிரிச்சா அடிக்கிற எண்ணிக்கைய மட்டும் எடுத்துட்டு மிச்சத்த உடனே ஜிப் கவர்ல போட்டு காத்த வெளிய அமுக்கி மூடி, சிலிக்கா ஜெல் பொட்டணத்தோட மூடி இறுக்கமான டப்பாவுல வைங்க. சிலிக்கா ஜெல்ல மாசா மாசம் வெயில்லயோ வாணலியில லேசா சூடு காட்டியோ காய வச்சுக்கிடணும். ட்ரேல பேப்பர விட்டுட்டு தூங்கப் போவக் கூடாது. அடிச்ச படத்த உடனே அடுக்காதீங்க, உடனே ஆல்பத்துலயும் போடாதீங்க, ஃபேன் காத்து நேரா படாத எடத்துல தனித்தனியா பரப்பி ஒரு நாள் விடுங்க. கடையில வெல கம்மியா விக்கிற 180 கிராம் ஹை கிளாஸி ஏ4 பேப்பர் சாரல்ல மொதல்ல சுருளும், பின்பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு உள்ள ஆர்சி பேப்பர் கொஞ்சம் தாங்கும், வெல கூடத்தான், ஆனா நூறுல பத்து வீணாப் போற சீசன்ல ஆர்சியே லாபமா வந்துரும், கணக்கு போட்டுப் பாருங்க.

ரிப்பன் பிரிண்டர் படம் இதுல தப்பிச்சுக்கும், மேல பூச்சு இருக்கதால தண்ணித் துளி பட்டாலும் தொடச்சிரலாம், வந்த உடனே கையில எடுத்துக் குடுக்கலாம். குத்தாலத்துக்கு வர்றவங்களுக்கு அங்கனயே படம் எடுத்து அங்கனயே அடிச்சுக் குடுக்கணும்னு கேக்குறவங்களுக்கு நான் ரிப்பன்தான் சொல்லுவேன், வெல கூடுனாலும். ஆனா பிரிக்காத ரிப்பனும் பேப்பரும் ஈரத்துல, வெயில் படுற எடத்துல கெடக்கக் கூடாது.

ஏப்ரல், மே வெயில்ல கத நேர்மாறு, பேப்பர் நல்லா இருக்கும், ஹெட்தான் சீக்கிரம் காயும். அதனால வாரத்துக்கு ஒரு படம்ங்கிற பழக்கம் கோடையில கட்டாயம், சாரல்ல கொஞ்சம் விட்டாலும் ஒண்ணும் ஆவாது.

முகம் ரோஸ் அடிக்கி, இல்ல இருட்டா வருது, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கு

செலவுல மறஞ்சு நிக்கிறது இதுதான். ரெண்டு தடவ அடிச்சா படத்தோட வெல ரெண்டு மடங்கு, அதக் கணக்குல யாரும் எழுதுறதில்ல.

மொதல்ல நாசில் செக். எல்805, எல்8050 மாதிரி லைட் சியான் உள்ள ஆறு கலர் பிரிண்டர்ல அது அடச்சிருந்தா படத்துல கோடு தெரியாது, முகம் மட்டும் ரோசாயிரும். அது சரியா இருந்தா பேப்பர் டைப் செட்டிங். கிளாஸி பேப்பர வச்சுட்டு பிளெய்ன் பேப்பர்னு விட்டா பிரிண்டர் இங்க் அளவையும் கலர் கலவையையும் வேறயாக் கணக்குப் போடும், படம் வெளுத்தோ சேறு மாதிரியோ வரும். போன்லருந்து நேரா அடிக்கிறவங்க இதத்தான் அதிகம் விடுதாங்க, ஆப்புக்குள்ள பேப்பர் டைப் ஒரு ஓரத்துல இருக்கும், தேடி மாத்துங்க. இருட்டா வந்தா போன் பிரைட்னஸ் முழுசா இருக்கான்னு பாருங்க, அத பாதியாக் குறச்சுட்டு படத்தப் பாத்து அப்ப இருட்டாத் தெரிஞ்சா படத்தையே வெளிச்சமாக்கி பெறவு அடிங்க. பெரிய வேல எடுக்கையில, கல்யாண ஆல்பம் மாதிரி, ஒரே ஷீட்ல நாலு படத்த சின்னதா அடுக்கி மொதல்ல ஒண்ணு அடிச்சுப் பாருங்க, அந்த ஒரு ஷீட்டு பல ஷீட்ட காப்பாத்தும்.

வெளி கம்பெனி இங்க் ஊத்துனதுக்கு அப்புறம் நிறம் மாறுச்சுன்னா அது இயல்பு, பிரிண்டரோட கணக்கு அதோட சொந்த இங்க்குக்குப் போட்டது. வெல பாதியாக் கிடைக்கும், ஆனா திரும்ப அடிக்கிற ஷீட்டையும் சேத்து தராசுல பாத்துட்டு லாபமான்னு சொல்லுங்க. டை இங்க் டேங்க்ல பிக்மென்ட்ட ஊத்துறது, அல்லது மாத்தி ஊத்துறது மட்டும் கூடவே கூடாது, ரெண்டும் கலந்து ஹெட்ல கட்டியாயிரும்.

சிங்க் பிரிண்டர்ல நிறம் ஒரு பக்கமா ஒதுங்குனா, பேக்குல கூட வர்ற நீல ஷீட்ட போட்டீங்களான்னு பாருங்க. அந்த ஷீட்டுதான் இந்த பேக்கு பேப்பருக்கு எவ்வளவு சூடுன்னு பிரிண்டருக்குச் சொல்லுறது, அத தூக்கி வீசிட்டு பழைய பேக்கு கணக்குல ஓட்டுனா பத்து ஷீட்டும் ஒரே மாதிரி கெட்டு வரும். நீல ஷீட்டோட பார்கோடு பக்கம் கீழ பாத்து இருக்க, மத்த பேப்பருக்கு அடியில வைக்கணும்.

வேஸ்ட் இங்க் பேட் நிரம்பிருச்சுன்னு நிக்குது

கிளீனிங்ல போன இங்க் பூரா சேர்ற எடம் அது. சில மாடல்ல நாமளே மாத்துற மெயின்டனன்ஸ் பாக்ஸ் இருக்கு, சிலதுல சர்வீஸ்லதான் மாத்தணும், வாங்கும்போதே எதுன்னு கேட்டு அந்த வெலயையும் கணக்குல சேத்துக்கிடுங்க. கவுன்டர மட்டும் சாஃப்ட்வேர்ல ரீசெட் பண்ணிட்டு பஞ்ச மாத்தாம விட்டா ஒரு நாள் அடியில இங்க் வழிஞ்சு மேச துணியெல்லாம் போவும், பஞ்சயும் சேத்து மாத்துங்க. நிறைய அடிக்காமயே பேட் சீக்கிரம் நிரம்பிட்டா, கழுவுறதுக்கே இங்க் நிறைய போவுதான்னு சந்தேகப்படணும், மேல அடிக்காமயே இங்க் குறையுற தலைப்புக்குத் திரும்பப் போங்க.

புதுசா வாங்கலாம்னு இருக்கேன், எது லாபம்

ரிப்பன் பிரிண்டரவிட டேங்க் பிரிண்டர் 10,000 ரூபா கூடன்னு வைங்க, படத்துக்கு 18 ரூபா மிச்சம்னா 555 படம் தாண்டுன பெறவுதான் டேங்க் லாபத்துக்கு வரும். மாசம் 10 படம்னா அது நாலர வருஷத்துக்கு மேல, அதுக்குள்ள கிளீனிங் மிச்சத்தத் தின்னுரும். மாசம் 100னா ஆறு மாசத்துல வந்துரும். தென்காசியிலயோ புனலூர்லயோ லேப்ல 4க்கு 6 என்ன வெலன்னு கேட்டு அதையும் இந்த வரிசையில வைங்க, நூறு இருநூறு படம் மொத்தமா அடிக்க லேப்தான் மலிவு, ராத்திரி பத்து மணிக்கு நாளைக்கு அப்ளிகேஷனுக்கு படம் வேணும்னா வீட்டு பிரிண்டர்தான்.

ரிப்பன் வாங்குறவங்களுக்கு கடைசியா ஒண்ணு, தீந்த ரிப்பன குப்பையில அப்படியே போடாதீங்க. ஒவ்வொரு படமும் அந்தப் பட்டையில நெகட்டிவ் மாதிரி தெளிவா பதிஞ்சிருக்கும், வெளிச்சத்துல பிடிச்சா ஆளு யாருன்னு தெரியும், ஆதார் கார்டு அடிச்சிருந்தா நம்பரும் படிக்கலாம். அடுத்தவங்களுக்கு அடிச்சுக் குடுக்குறவங்க கேசட்ட உடச்சு ரிப்பன வெளிய இழுத்து கத்தரியால துண்டு துண்டா வெட்டிப் போடுங்க.